இழுக்காதீங்க... தள்ளுங்க!

"ஏனுங்க, இது இன்னும் ஓடுதுங்களா?"

ஆனைமலையில் என் காரைப் பார்க்கிறவர்கள் கேட்கிற முதல் கேள்வி இதுதான். பெரும்பாலும், ஓடிக்கொண்டிருக்கிற காருக்குப் பக்கத்திலேயே பைக்கில் வந்துகொண்டு கேட்பார்கள். என்ன பதில் சொல்ல? "இல்லீங்... உள்ளார உக்காந்து நான்தான் மிதிச்சுட்டு வர்றேன்" என்பேன். பாதிப் பேர் அதையும் நம்பித் தலையாட்டிவிட்டுப் போகிறார்கள்!

1984 மாடல் பிரீமியர் பத்மினி. பூர்வீகம் இத்தாலி, ஃபியட் 1100 வம்சம். பம்பாய் குர்லாவில் தயாராகி, எழுபதுகளின் நடுவில் பத்மினி என்று பெயர் சூட்டிக்கொண்டவள். 1089 சி.சி., நாலு கியர். கியர் தடி ஸ்டியரிங்குக்குக் கீழேயே நீட்டிக்கொண்டிருக்கும். முன் ஸீட் ஒரே பெஞ்ச். மூன்று பேர் தாராளமாக உட்காரலாம், நாலாவது ஆள் மச்சானாக இருந்தால் மட்டும் இடம் கிடைக்காது. இந்த நூற்றாண்டு பிறந்த கையோடு உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். மும்பையின் கறுப்பு மஞ்சள் டாக்ஸிகளில் கடைசி பத்மினியும் 2023 அக்டோபரில் ஓய்வு பெற்றுவிட்டது. ஓய்வு தராத பாவிகள் என்னைப் போல் ஊருக்கு ஒன்றிரண்டு பேர்.

பானெட்டைத் திறந்தால் எஞ்சினைச் சுற்றிக் கீழே தரை தெரியும். ஸ்பேனர் விழுந்தால் நேராக மண்ணில் விழும், எடுத்துக்கொள்ளலாம். இன்றைய காரில் விழுந்தால் அது விழுந்த இடத்தைக் கண்டுபிடிக்கவே கம்ப்யூட்டரை மாட்ட வேண்டும். பாயின்ட் இடைவெளி அரை மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. ஃபீலர் கேஜ் இல்லாவிட்டால், அனுபவஸ்தர்கள் அட்டையைக் கிழித்து வைத்தே சரி செய்வார்கள். ஞாயிற்றுக்கிழமை, மூணு ஸ்பேனர், ஒரு திருப்புளி, பழைய பனியன். ஆபீஸ் ஃபைலில் ஆறு மாசமாகத் தீராத விஷயத்தை மேலதிகாரியிடம் அனுப்பி அனுப்பி அலுத்தவனுக்கு, அரை மணியில் ஒரு காரியம் முடிந்து, "டுர்ர்"ரென்று ஸ்டார்ட் ஆவதில் இருக்கிற சுகம் இருக்கிறதே... அதை மனைவியிடம் சொல்லிப் பிரயோஜனமில்லை.

இந்தக் கொங்கு மண்ணுக்கே இது பழைய வியாதி. வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்ததைப் பார்த்து மயங்கிய ஒரு பையன், கோயமுத்தூர் ஓட்டலில் வேலை பார்த்துக் காசு சேர்த்து, அந்த வண்டியையே விலைக்கு வாங்கினார். வாங்கியதும் பிரித்துப் போட்டார். திரும்ப மாட்டினார். அவர்தான் ஜி.டி. நாயுடு. 1920-ல் அவர் முதல் பஸ் விட்டது எங்கள் பக்கத்து ஊரான பொள்ளாச்சியிலிருந்து பழனிக்கு. பின்னாளில் அதே கோவையில் கரிவரதன் மாருதி 800-ன் எஞ்சினை வைத்தே பந்தயக் கார் செய்தார். அந்த ஃபார்முலா மாருதியில் கை பழகிய நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா ஒன் வரைக்கும் போனார். நான் போனது வால்பாறை வரைக்கும். அதுவே பெரும்பாடு!

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஏறுவது பிரச்னையில்லை, இரண்டாவது கியரில் முக்கி முனகி ஏறிவிடும். ஒன்பதாவது வளைவில் வியூ பாயின்ட். இறங்கி, கீழே ஆழியாறு அணையைப் பார்த்து, பாறை மேல் நின்ற வரையாட்டைக் குழந்தைகளுக்குக் காட்டிவிட்டுத் திரும்பி வந்து சாவியைத் திருகினால், செல்ஃப் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை.

இதற்குப் பெயர் வேப்பர் லாக். பத்மினியின் பெட்ரோல் பம்ப் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். பின்னாலிருக்கும் டாங்க்கிலிருந்து அதுதான் பெட்ரோலை உறிஞ்சி இழுக்க வேண்டும். மலையேறிக் கொதித்த எஞ்சினை நிறுத்தியதும் காற்றோட்டம் போச்சு. சூடு பம்ப்புக்கு ஏறி, உள்ளே இருக்கும் பெட்ரோல் ஆவியாகிவிடுகிறது. திரவத்தை இழுக்கத் தெரிந்த பம்ப்புக்கு ஆவியை இழுக்கத் தெரியாது. வைத்தியம், ஈரத்துணி. பம்ப் மேல் போட்டு, தண்ணீர் ஊற்றி, கால் மணி காத்திருக்க வேண்டும்.

"காய்ச்சல் வந்த கொழந்தைக்கு நெத்தியில துணி போட்ட மாதிரியே இருக்குதுங்க" என்றாள் மனைவி. கூடவே, "கொழந்தைக்கு ஒரு நாளும் போட்டதில்லை" என்றும்.

பொள்ளாச்சியில் எனக்கொரு மெக்கானிக் அண்ணன் உண்டு. எழுபது வயசு. கண் மங்கினாலும் காது இன்னும் கூர்மை. போனில் எஞ்சின் சத்தத்தைக் கேட்டே ஜாதகம் சொல்வார். அவரிடம் போனேன்.

"தம்பி, பெட்ரோலை எதுக்கு முன்னால இருந்து இழுக்கறீங்? பின்னால இருந்து தள்ளுங்க!"

அவ்வளவுதான் விஷயம். டாங்க் பக்கத்திலேயே ஒரு சின்ன எலெக்ட்ரிக் பம்ப். அங்கே சூடில்லை. குழாய் முழுக்க அழுத்தம் இருப்பதால் பெட்ரோல் லேசில் ஆவியாவதுமில்லை. ஆனால், புது மாடல் காரின் பம்ப்பை வாங்கி மாட்டினால் தொலைந்தோம். அது தள்ளுகிற வேகத்தில் கார்புரேட்டரின் ஊசி வால்வு தாங்காமல் பெட்ரோல் வழிந்து எஞ்சின் மேலேயே கொட்டும். குறைந்த அழுத்த பம்ப்தான் வேண்டும். எஞ்சின் நின்றால் தானாக நிற்கும்படி ரிலேயும் வேண்டும். பழைய பம்ப்பைக் கழற்றிய ஓட்டையை மூட, லேத் பட்டறையில் ஒரு தகடு வெட்டிக் கொடுத்தார்கள். இரண்டு ஞாயிறு போயிற்று.

அதோடு விட்டதா? இப்போது பெட்ரோலே பழைய பெட்ரோல் இல்லை. 2025-ல் நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால் என்றாகிவிட்டது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், அந்தக் காலத்து ரப்பரைக் கரும்புச் சக்கை மாதிரி ஆக்கும். புதுக் காரில் ஸென்ஸார் பார்த்து அளவைக் கூட்டிக்கொள்ளும். என் கார்புரேட்டருக்கு ஜெட் என்கிற ஓட்டை ஒன்றுதான் தெரியும். ரப்பர் குழாய் மொத்தத்தையும் எத்தனால் தாங்குகிற ரகத்துக்கு மாற்றினேன். ஜெட்டை ஒரு சைஸ் பெரிதாக்கினேன். வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தி வைப்பதில்லை. இந்தக் கடைசி விதியை மட்டும் குழந்தைகள் ஆட்சேபிப்பதில்லை.

என் நண்பர்கள் சிலர் ஒட்டுக்கா எஞ்சினையே தூக்கிவிட்டு வேறு எஞ்சின் இறக்கச் சொல்கிறார்கள். கேஸ் கட்டரால் முன்பக்கத்தை வெட்டி, வெல்டிங் வைத்து... எனக்கு அது பிடிக்காது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவும் சும்மா விடாது. கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்று 2019-ல் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லியாயிற்று. சட்டம் கிடக்கட்டும். ஸ்பேனரால் மாட்டி, ஸ்பேனரால் கழற்றுகிற மாற்றமென்றால் சரி. வெட்டினால் பேட்ஜ் மட்டும்தான் பத்மினி. அதனால் என் பழைய பம்ப் எண்ணெய்த் துணி சுற்றிப் பழைய பிஸ்கட் டின்னில் பத்திரமாக இருக்கிறது.

அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2022 ஏப்ரல் வரை பழைய காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாய். அப்புறம் 5,000. 2025 ஆகஸ்டில், இருபது வயதைத் தாண்டிய கார்களுக்கு 10,000 என்றார்கள். ஒருமுறை புதுப்பித்தால் ஐந்து வருஷம். "அந்தக் காசுக்குப் பொண்ணுக்கு ஒரு கம்மல் ஆவுமுங்க" என்கிறாள் மனைவி. கணக்கு தவறு, இன்றைய தங்கத்தில் ஒரு காதுக்குக்கூடக் காணாது!

ஆனால் 2021-ல் போட்ட விதிப்படி, ஐம்பது வயதாகிவிட்ட காரை வின்டேஜ் என்று தனியாகப் பதியலாம். நம்பர் பிளேட்டிலேயே 'வி.ஏ.' என்று பட்டம் வரும். சேஸிஸ், பாடி, எஞ்சின் எதையும் பெரிதாக மாற்றியிருக்கக்கூடாது என்பது நிபந்தனை. தினப்படி ரோட்டில் ஓட்டவும் முடியாது. என் பத்மினிக்கு 2034-ல் ஐம்பது.

அண்ணனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அதுவரைக்கும் நான் இருக்க மாட்டனுங் தம்பி. அந்த பம்ப்பை எடுத்துட்டு வாங்க, டயாபிரம் மாத்தறதைப் பார்த்துக்குங்க."

வர்ற ஞாயிறு போகிறேன். பிஸ்கட் டின்னோடு.