சைரன் அடிச்சுது, போன் போகலை

அப்பா அம்மாவைத் தோட்டத்து வீட்டுல விட்டுட்டு டவுன்ல வேலை பார்க்கறவங்க இந்தப் பக்கத்தைப் படிக்கறவங்கள்ல நிறையப் பேர் உண்டுன்னு தெரியும். இது உங்களுக்காக எழுதறதுங்க. ஊருக்கு வர்றப்ப அலாரம் பொட்டி ஒண்ணு வாங்கி மாட்டிட்டுப் போயிடறீங்க. மாட்டின அன்னைக்கு ஒருக்கா அடிச்சுப் பார்க்கறதோட சரி. அதுக்கப்புறம் அது வேலை செய்யுதான்னு யார் பார்க்கறது?

எங்க காங்கயம் பக்கம் பாதிப்பேர் ஊருக்குள்ள குடியிருக்கறதில்லை. அவங்கவங்க காட்டுக்குள்ளயே வீடு. கிணறு, கட்டுத்தரை, ஆடு மாடு எல்லாம் அங்கயே. பக்கத்து வீடுங்கறது கூப்பிடு தூரம்னு சொல்லலாம், ஆனா காத்து எதுக்க அடிச்சா அதுவும் கேட்காது. தனியா இருக்கற வயசானவங்களை அடிச்சுப் போட்டுட்டு நகையைக் கொண்டுக்கிட்டுப் போன சேதி கொங்குப் பக்கம் ஒண்ணு ரெண்டு இல்லை. அதனால பிள்ளைகளுக்குப் பயம் வர்றது நியாயந்தான்.

என் தோட்டத்துக்குக் கிழவரத்துல எங்க பெரியப்பாவும் பெரியம்மாவும் மட்டும் இருக்காங்க. அண்ணனுக்கு மெட்ராஸ்ல வேலை. 2020 தீபாவளிக்கு வந்தப்ப ஆள் கூட்டியாந்து அலாரம் மாட்டிட்டுப் போனார். முன் கதவுலயும் பின் கதவுலயும் காந்தம் வெச்ச சென்சார், ஆசாரத்துல ஆள் நடமாட்டம் பார்க்கற கண்ணு ஒண்ணு, இறவாரத்துல சைரன். அங்க செல்போன் சிக்னல் எடுக்க மாட்டை ஓட்டிக்கிட்டு மேட்டுக்காட்டுக்குத்தான் போகணும். அதனால சிம் போடற பொட்டி வேண்டாம்னு வீட்டு லேண்ட்லைன்ல சேர்த்துட்டாங்க. கதவு திறந்தா சைரன் அடிக்கும். பொட்டி தானா அண்ணன் நம்பருக்கு டயல் பண்ணி, பதிஞ்சு வெச்ச பேச்சைச் சொல்லும். அடுத்தது என் நம்பருக்கு. மாட்டின அன்னைக்கு ரெண்டு பேர் போனும் அடிச்சுது.

2021 பங்குனியில ஒரு ராத்திரி ரெண்டு மணிக்குச் சைரன் சத்தம். தடியும் டார்ச்சுமா ஓடினேன். பூனைங்க. சரியாச் சாத்தாத பின் கதவைத் தள்ளிட்டு உள்ள வந்திருக்குது. பெரியப்பா சைரனை நிறுத்தத் தெரியாம காதைப் பொத்திக்கிட்டு திண்ணையில உட்கார்ந்திருந்தார். சிரிச்சுட்டு வந்துட்டேன். காலையில அண்ணன் வழக்கம்போல கூப்பிட்டு, "அப்பா, மழை ஏதாச்சும் உண்டா?"ன்னு கேட்டிருக்கார். ராத்திரி நடந்தது அவருக்குத் தெரியவே தெரியாது. அப்பத்தான் நான் என் போனை எடுத்துப் பார்த்தேன். எனக்கும் அழைப்பு எதுவும் வந்திருக்கலை. சைரன் சத்தத்தைக் கேட்டுத்தான் ஓடியிருக்கேன்.

மாட்டின ஆளைக் கூப்பிட்டா இன்னைக்கு நாளைக்குன்னு இழுத்தான். மோட்டார் ஸ்டார்ட்டர் கோளாறைப் பார்க்கறதுக்கு நம்மகிட்ட மீட்டர் இருக்குது, அதை எடுத்துக்கிட்டு நானே இறங்கிட்டேன்.

மோட்டார்ல செய்யற மாதிரிதான் இதுலயும். கோளாறு கிணத்துலயா, வயர்லயா, ஸ்டார்ட்டர்லயான்னு பிரிச்சுக்கணும். அலாரம் பொட்டியை லைன்ல இருந்து சுத்தமாக் கழட்டிட்டு, வயர் வீட்டுக்குள்ள வந்து சேர்ற இடத்துலயே சாதா போன் ஒண்ணை மாட்டினேன். டயல் டோன் இருக்குது, கூடவே கொரகொரன்னு சத்தம். பொட்டி இல்லாமயே சத்தம் வருதுன்னா அது பொட்டி குத்தம் இல்லை. ரிசீவர் வெச்சிருக்கறப்ப லைன்ல 48 வோல்ட் சுமாருக்கு இருக்கணும், எடுத்தா பத்துக்குக் கீழ விழணும். எனக்கு வைக்கறப்ப 31ம் 44மா ஆடுச்சு. வெளிய எங்கயோ ஒட்டு சரியில்லை.

வேப்பமரத்து வழியா வர்ற வயர்ல ரெண்டு இடத்துல முறுக்கி, டேப் சுத்தி வெச்சிருந்தது. லைன்மேன் வந்து பிரிச்சார், உள்ள செம்பு பச்சை பூத்துக் கிடந்தது. சுரண்டி ஒட்டிக் குடுத்ததும் கொரகொரப்பு போச்சு, வோல்ட்டும் நின்னுது. இனி சரியாயிடுச்சுன்னு பொட்டியை மாட்டிக் கதவைத் திறந்தேன். சைரன் அடிச்சுது. போன் வரலை.

அடுத்து வயர் போற வரிசையைப் பார்த்தேன். லைன் முதல்ல போனுக்கு வந்து, அங்கிருந்து ஒரு கிளை பொட்டிக்குப் போயிருந்தது. இதைத்தான் நீங்க முக்கியமாப் பார்க்கணும். லைன் முதல்ல அலாரத்துக்குப் போகணும், அதுல இருந்து வெளிய வந்துதான் போனுக்குப் போகணும். அப்படி இருந்தாத்தான் ஆபத்து நேரத்துல பொட்டி போனைத் துண்டிச்சுட்டு லைனைத் தன் கைக்கு எடுத்துக்கும். இல்லைன்னா ரிசீவர் கொஞ்சம் கோணலா இருந்தாலே பொட்டியால டயல் பண்ண முடியாது. பெரியம்மா தூசி தட்டறப்ப ரிசீவரை ஒருநாளும் நேரா வெச்சதில்லை. உள்ள வந்த திருடன் ரிசீவரை எடுத்துக் கீழ போட்டாலும் போதும், அதோட சரி. வரிசையை மாத்தினேன். அப்பவும் போன் வரலை.

பெரியப்பாவுக்குச் சலிப்பு வந்துடுச்சு. "போதும் கண்ணு, கழட்டி வெச்சுரு. பழையபடி நாயைக் கட்டிக்கறேன்" அப்படின்னார்.

எனக்கு மனசு வரலை. பொட்டிக்கு முன்னாடி லைன்ல நேரா ஒரு போனை மாட்டி, பொட்டி டயல் பண்ண ஆரம்பிச்சதும் ரிசீவரை எடுத்துக் காதுல வெச்சேன். டிக் டிக்குன்னு பத்து நம்பரும் போச்சு. அப்புறம் ஒரு பொம்பளைக் குரல், நம்பருக்கு முன்னால பூஜ்யம் சேர்த்து டயல் பண்ணச் சொல்லுது. அந்தக் குரல் பேசப் பேச நம்ம பொட்டி அதுகிட்டயே, "வீட்டில் ஆபத்து, உடனே வரவும்"னு மூணு தடவை சொல்லிட்டு, கடமை முடிஞ்சுதுன்னு லைனை வெச்சுடுச்சு. எடுத்தது யாருன்னு அதுக்குத் தெரியாதுங்க.

2021 ஜனவரி 15ல இருந்து நாடு முழுக்க லேண்ட்லைன்ல இருந்து செல்போனுக்குக் கூப்பிட்டா முன்னால 0 போடணும்னு ஆயிடுச்சு. புது நம்பர்களுக்கு இடம் வேணும்னு கொண்டுவந்த மாத்தம். பேப்பர்லயும் வந்தது. ஆனா பெரியப்பா வீட்டுப் போன்ல வர்ற அழைப்புதான், போற அழைப்பு கிடையாது. வர்றதுக்குப் பூஜ்யம் தேவையில்லை. தீபாவளிக்குப் பதிஞ்ச நம்பர் பத்து இலக்கத்தோட அப்படியே கிடந்தது. பொங்கல் முடிஞ்சதுல இருந்து ரெண்டு மாசத்துக்கு மேல அந்த வீட்டுக்குக் காவல்னு ஒண்ணு இல்லவே இல்லை. பொட்டி மேல பச்சை லைட் மட்டும் எரிஞ்சுக்கிட்டு இருந்தது.

நம்பரை மாத்த ரகசியக் குறியீடு வேணும். அது தினசரி காலண்டர் அட்டைக்குப் பின்னால பென்சில்ல எழுதியிருந்தது. பூஜ்யம் சேர்த்தேன். அண்ணன் போன் அடிச்சுது. பதறிப்போய்த் திருப்பிக் கூப்பிட்டார்.

அதோட விடலை. ராத்திரி வர்றவன் முதல்ல செய்யறது வெளிச்சுவத்துல கைக்கெட்டற உயரத்துல வர்ற போன் வயரை அறுக்கறதுதான். லைன் அறுந்தா வோல்ட் போறதை வெச்சு சைரன் அடிக்கற வசதி அந்தப் பொட்டியிலயே இருந்தது, முடுக்கி விடாம வெச்சிருந்தாங்க. அதை முடுக்கிவிட்டு, வயரைப் பிடுங்கிப் பார்த்து, சைரன் அடிச்ச பிறகுதான் வீட்டுக்கு வந்தேன். வயரையும் பிளாஸ்டிக் குழாய்க்குள்ள விட்டு இறவாரத்துக்கு ஏத்தியாச்சு.

போன வருசம் செம்பு வயரை எடுத்துட்டு ஃபைபர் போட்டாங்க. அதுல ஒரு சங்கதி. செம்பு லைனுக்குக் கரண்ட் எக்ஸ்சேஞ்ச் பேட்டரியில இருந்து வந்துடும், நம்ம ஊர்ல மின்சாரம் போனாலும் போன் பேசும். ஃபைபர் அப்படி இல்லை, வீட்டு மோடத்துல இருந்துதான் போன் வருது. மின்சாரம் போனா மோடம் செத்துடும். அலாரத்துக்குள்ள பேட்டரி இருக்கும், ஆனா அது பேசறதுக்கு லைன் இருக்காது. மோடத்துக்குன்னு தனியா ஒரு சின்ன யூபிஎஸ் வெச்ச பிறகுதான் சரியாச்சு. உங்க வீட்டுல ஃபைபர் மாத்தியிருந்தா, மெயினை அணைச்சுட்டு ஒருக்கா அலாரத்தை அடிச்சுப் பாருங்க.

இப்ப மாசாமாசம் அமாவாசை அன்னைக்குச் சாமி கும்பிட்டதும் பெரியம்மா பின் கதவைத் திறந்து விடறாங்க. அண்ணன் வேலையில இருந்தாலும் எடுத்துக் கேட்டுட்டுத்தான் வைக்கணும். மாட்டின ஆள் பதிஞ்ச பேச்சை அழிச்சுட்டு, பெரியம்மாவையே பேசச் சொல்லிப் பதிஞ்சோம். "சாமி, ஊட்டுல ஆரோ வந்துட்டாங்க, சீக்கிரம் வா" அப்படின்னு அவங்க குரல். சோதனைதான்னு தெரிஞ்சும், அதைக் கேட்டா அண்ணன் அன்னைக்கு ராத்திரி ரெண்டாவது தடவை கூப்பிடாம இருக்கறதில்லை.