உள்ளங்கை பார்த்த பள்ளம்

எங்கள் வீட்டு டி.வி.எஸ். 50 என்ன நிறம் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். ஆர்.சி. புத்தகம் நீலம் என்கிறது. அம்மா சாம்பல் என்பார். அண்ணன் மகளுக்கு அது துரு நிறம். மூன்றும் சரிதான். அப்பா இருந்தவரை போளூருக்கும் ஆரணிக்கும் நடுவே பட்டு சுமந்த வண்டி அது. போகும்போது துணியில் சுற்றிய சேலை. வரும்போது பாவு, ஊடை, ஜரிகை. மூட்டையும் முழங்காலும் உரசிய இடங்களில் நீலம் போய்ப் பல வருஷம் ஆகிறது. ஓசூரிலிருந்து 1980இல் வந்தபோது இரண்டு பேர் போகிற மொபெட் என்று சொல்லித்தான் இதை விற்றார்கள். எங்கள் பக்கத்து நெசவாளர் வீடுகளில் அது ஒரு ஆளும் ஒரு பாவும் போகிற வண்டியாகிவிட்டது.

பொங்கல் முடிந்த வாரத்தில், வேலூர் சாலையோரம் இருக்கும் ஒரு பட்டறைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். பெயின்ட் அடிக்க எவ்வளவு ஆகும் என்று கேட்கத்தான் போனது. பெயின்டர் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். மட்கார்டின் ஓரத்தை நகத்தால் சுரண்டினார். தகடு அப்பளமாக உதிர்ந்தது.

"நான் கூலி சொன்னா, அதுக்கு வேற வண்டியே வாங்கிக்கலாம்னு தோணும். நீங்களே பண்ணுங்க சார். சொல்லிக்குடுக்கறேன். ஆயுத பூஜை நேரத்துல வந்திருந்தா பேசவே நேரம் இருந்திருக்காது."

"எனக்கு கன் பிடிக்கத் தெரியாதே அண்ணா."

"கன்னு எதுக்கு? கலர் அடிக்கறது பத்து நிமிஷ வேலை. தேய்க்கறதுதான் மூணு நாளு."

அதைப் பேச்சுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். பட்டறையைச் சுற்றிப் பார்த்தபோது புரிந்தது. தகரக் கூரைக்குக் கீழே ஒரு ஆட்டோவின் கதவு, ஒரு டிராக்டரின் பானெட், பள்ளி வேனின் பின்பக்கம். மூன்று பேர் வேலையில் இருந்தார்கள். மூவருமே தேய்த்துக்கொண்டிருந்தார்கள். ஸ்ப்ரே கன் ஆணியில் தொங்கியது. ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அதை யாரும் எடுக்கவில்லை.

உப்புத்தாளின் முதுகில் அச்சிட்ட எண்தான் இந்தத் தொழிலின் வாய்ப்பாடு. 80 துருவைப் பிடுங்கும். 120, 220 பட்டியைச் சமனாக்கும். அதற்கப்புறம் தண்ணீர் தொட்டுத் தேய்க்கிற வாட்டர் பேப்பர்: 400, 600, கடைசியில் 1000, 2000. எண் ஏற ஏற மணல் நைஸாகும். முந்தின தாள் போட்ட கீறலை அடுத்த தாள் அழிக்க வேண்டும். அவசரப்பட்டு 80இலிருந்து நேரே 400க்குத் தாவினால், அந்த முரட்டுக் கீறல் அப்போது தெரியாது. மூன்றாவது கோட் பளபளக்கும்போது அடியிலிருந்து எழுந்து வந்து நிற்கும்.

வீட்டுத் திண்ணையில் வேலையைத் தொடங்கினேன். வண்டியைப் பிரிக்கும்போது பெயின்டர் சொன்னபடி பெட்ரோலை வடித்து, டேங்கைக் கழற்றி, மூடியைத் திறந்து ஒரு நாள் நிழலில் வைத்தேன். காலி டேங்கில் நிற்கிற ஆவிதான் நிறைந்த டேங்கைவிட ஆபத்து என்று அவர் இரண்டு முறை சொல்லியிருந்தார். முதல் நாள் முழுக்கத் துரு. சோம்பல்பட்டு ஓரிடத்தில் துருவின் மேலேயே ரெட் ஆக்சைடு அடித்துவிட்டு, மறுநாள் அந்த மட்கார்டைப் பட்டறைக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். கத்தி முனையால் ஒரே தட்டு. மொத்தமும் பொக்கென்று வந்துவிட்டது.

"துரு மேல பெயின்ட் அடிக்கறது, புண்ணு மேல பவுடர் போட்டா மாதிரி. உள்ள அது பாட்டுக்கு தின்னுகினே இருக்கும்."

இரண்டாம் நாள் பட்டி. டப்பாவில் இருக்கும் பட்டியோடு சிறு டியூபில் வரும் ஹார்டனரைக் கலக்க வேண்டும். எலுமிச்சம்பழம் அளவு பட்டிக்குப் பட்டாணி அளவு ஹார்டனர் போதும். சீக்கிரம் காயட்டும் என்று நான் கொஞ்சம் கூடுதலாகப் பிதுக்கினேன். பட்டித் தகட்டால் அள்ளி டேங்கில் இழுப்பதற்குள் அது கையிலேயே கல்லாகிவிட்டது. பழைய ஓட்டுத் துண்டின் மேல் வைத்துக் கலந்ததை, ஓட்டோடு சேர்த்து எறிய வேண்டியதாயிற்று.

தறியிலிருந்து எழுந்து வந்த அம்மா இதையெல்லாம் பார்த்துவிட்டு, "சாயம் போடறதுக்கு முன்னாடி பட்டை வேக வைக்கறதில்லையா, அந்த மாதிரிதானே?" என்று கேட்டார். அதேதான். கச்சாப் பட்டின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு, புழு தன் நூலில் பூசிவிட்ட பசை. சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்கவைத்து அதை எடுத்தால்தான் சாயம் சீராகப் பிடிக்கும். எடுக்காத இடம் திட்டுத் திட்டாக நிற்கும். ஆனால் ஒரு வித்தியாசம். சாயம் இழைக்குள்ளே போய்விடுகிறது. பெயின்ட் மேலேயே உட்காருகிறது. உட்கார்ந்த இடம் சரியில்லை என்றால் என்றைக்காவது எழுந்து போய்விடும்.

பட்டி தேய்த்து முடித்ததும் டேங்க் கண்ணுக்கு வழவழப்பாகத்தான் இருந்தது. பெருமையாகத் தூக்கிக்கொண்டு பட்டறைக்குப் போனேன். பெயின்டர் அதைப் பார்க்கவே இல்லை. ஒரு பழைய பனியன் துணியை டேங்கின் மேல் போட்டு, துணிக்கு மேல் உள்ளங்கையை வைத்து, வேறெங்கோ பார்த்தபடி நீளவாக்கில் இழுத்தார். "இங்க பள்ளம். இங்க மேடு. இங்க மறுபடியும் பள்ளம்." வெறும் கை வைத்தால் தோல் இழுபட்டு ஏமாற்றிவிடுமாம். நடுவில் துணி இருந்தால் கை வழுக்கிக்கொண்டு போகும். மேடு பள்ளம் மட்டும் தெரியும். நான் நம்பாததைக் கவனித்துவிட்டு, கருப்புப் பெயின்டைப் பனி மாதிரி லேசாகத் தூவி, கட்டையில் சுற்றிய தாளால் நாலு இழுப்பு இழுத்தார். மேட்டில் இருந்த கருப்பு போய்விட்டது. அவர் சொன்ன இரண்டு இடத்திலும் கருப்பு அப்படியே தங்கியது.

எனக்கு அம்மாவின் ஞாபகம் வந்தது. பாவில் ஒரு இழை அறுந்தால் கண்ணுக்குத் தெரியும் முன்பே அவர் கை நின்றுவிடும். எப்படி என்று கேட்டால் அவரிடம் பதில் கிடையாது.

மூன்றாம் நாள் கலர். வீட்டில் கம்ப்ரஸர் இல்லாததால் 400 மில்லி ஸ்ப்ரே டப்பா வாங்கினேன். நீலமேதான். நிறத்தை மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சொல்லி ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும். மிலிட்டரிப் பச்சை என்று நாம் சொல்லும் ஆலிவ் பச்சையை மட்டும் கேட்கவே கூடாது. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 121ஆம் விதி அதை ராணுவ வண்டிகளுக்கு மட்டும் ஒதுக்கியிருக்கிறது.

டப்பாவுக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு சாண். கையை நகர்த்தத் தொடங்கிவிட்டுத்தான் அழுத்த வேண்டும். விட்ட பிறகுதான் கை நிற்க வேண்டும். ஒரு இழுப்பின் பாதியை அடுத்த இழுப்பு மூட வேண்டும். நின்றால் வழியும், தள்ளிப் போனால் பொடியாய் விழும். தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கினேன். விடிந்ததும் காற்றில்லை என்று ஆறு மணிக்கே அடித்தது என் தவறு. நீலத்தின் மேல் பால் சிந்தியது போல ஒரு வெண்மை படர்ந்தது. தை மாதத்தில் ஜவ்வாது மலைப் பக்கமிருந்து இறங்கும் பனி அது. தின்னர் ஆவியாகும்போது தகட்டைக் குளிரவைக்கிறது. குளிர்ந்த தகட்டில் காற்றின் ஈரம் படிந்து, காயாத பெயின்டுக்குள் மாட்டிக்கொள்கிறது. பத்து மணி வெயிலில் தேய்த்துவிட்டு மறுபடியும் அடித்தேன். மெல்லியதாக மூன்று கோட்.

இந்த வேகமாகக் காயும் பெயின்டைப் பழைய ஆட்கள் இன்னும் டூகோ என்றுதான் சொல்கிறார்கள். டூபான்ட் கம்பெனி வைத்த பெயர். 1923இல் அமெரிக்காவில் ஓக்லண்ட் கார்களுக்கு அதை அடித்தார்கள், அதுவும் நீலம்தான். அதற்குமுன் ஒரு காரின் வண்ணம் காய வாரக்கணக்கில் ஆகும். அந்தக் கம்பெனி எங்கேயோ இருக்கிறது; அதன் பெயர் போளூர்ப் பட்டறையின் பேச்சில் ஒட்டிக்கொண்டது.

கடைசிக் கோட்டான கிளியரை மட்டும் வீட்டில் அடிக்க வேண்டாம் என்று பெயின்டர் தடுத்துவிட்டார். டப்பா பெயின்ட் பெட்ரோல் சிந்தினால் கரைந்துவிடும். டேங்குக்கு ஹார்டனர் கலந்த 2கே கிளியர் வேண்டும். அந்த ஹார்டனரில் இருப்பது ஐசோசயனேட். 1984இல் போபாலில் கசிந்தது இதுவல்ல என்றாலும் இதற்குத் தாயாதி முறை. மூச்சில் போனால் ஆஸ்துமாவைக் கொண்டுவரும். ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமல் போய்விட்டால், பிறகு துளி பட்டாலும் இழுப்பு வரும். கைக்குட்டை தூசியைத் தடுக்கும், இந்த ஆவியைத் தடுக்காது. வெளிநாட்டுப் பெயின்ட் அறைகளில் சுத்தமான காற்றைத் தனிக் குழாயில் கொண்டுவரும் முகமூடி போட்டுக்கொண்டு அடிக்கிறார்கள்.

பட்டறையில் கரி ஃபில்டர் வைத்த முகமூடி ஒன்று சுவரில் தொங்கியது. பெயின்டர் துண்டைத்தான் கட்டிக்கொண்டார். கேட்டேன்.

"தகரத்துக்குக் கீழ அத்த போட்டுகினா வேர்வை கண்ணுல எறங்குது சார். கண்ணு தெரியலன்னா கோட்டு வழிஞ்சிடும். வழிஞ்சா கூலி போச்சு." கன்னில் கிளியரை ஊற்றியபடியே சொன்னார்: "ராத்திரியில கொஞ்சம் இழுக்குது. பழகிப்போச்சு." என்னை மட்டும் சாலையோரம் போய் நிற்கச் சொன்னார். டேங்க், மட்கார்டு, பக்க மூடி எல்லாம் சேர்த்துப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. மூன்று நாள் தேய்த்ததற்குக் கூலி என் கையில்தான் எரிந்தது. இந்தப் பத்து நிமிஷத்துக்கு அவர் கொடுக்கிற விலை வேறு. அவர் கேட்ட கூலியைப் பேரம் பேசாமல் கொடுத்துவிட்டு வந்தேன்.

வண்டியைப் பூட்டி வாசலில் நிறுத்தியபோது அண்ணன் மகள் முகம் பார்த்துத் தலை சீவினாள். அம்மா கண்ணாடிகூடப் போடாமல் வந்தார். டேங்கின் மேல் உள்ளங்கையை வைத்து ஒரு இழுப்பு இழுத்தார். பாதியில் கை நின்றது.

"இங்க ஒன்னு இருக்குது பாரு."

குனிந்து பார்த்தேன், தெரியவில்லை. டார்ச்சைச் சாய்த்து அடித்தபோது, வெளிச்சம் ஓரிடத்தில் மட்டும் லேசாக நெளிந்தது. பனியன் துணியைப் போட்டுத் தடவிப் பார்த்தேன். என் கைக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை.

அது அப்படியே இருக்கிறது. தினமும் காலையில் வண்டியை உதைக்கும் முன் அந்த இடத்தில் ஒருமுறை கை வைக்கிறேன். நேற்று ஏதோ தட்டுப்பட்ட மாதிரி இருந்தது. டார்ச் எடுத்து வந்து பார்த்தேன். ஒரு விரல்கடை தள்ளியிருந்தது.