அடிக்குரல் ஆணழகர்கள்!

ஆப்பரா என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? குண்டாக ஒரு அம்மணி, தலையில் கொம்பு முளைத்த தொப்பி, கண்ணாடி டம்ளர் விரிசல் விடுகிற மாதிரி ஒரு கீச்சுக் குரல். கார்ட்டூன்காரர்கள் நம் எல்லோர் மண்டையிலும் ஏற்றி வைத்த படம் இது.

அந்தப் படத்தைக் கொஞ்சம் கழற்றி வையுங்கள். இன்றைக்கு ஆப்பரா போஸ்டர்களில் சட்டைப் பட்டன் போட மறந்த கட்டுமஸ்தான இளைஞர்கள் நிற்கிறார்கள். அதிலும் முக்கால்வாசிப் பேர் அடித்தொண்டையில் பாடுகிறவர்கள். உச்சத்தில் பாடுகிற ஆண் டெனர். பாதாளத்தில் பாடுகிறவர் பேஸ். நடுவில் இருப்பவர் பாரிடோன். இந்தப் பாரிடோனையும் ‘ஹங்க்’ என்கிற ஆணழகனையும் ஒட்டவைத்து ‘பாரிஹங்க்’ என்று ரசிகைகள் ஒரு பட்டமே கண்டுபிடித்துவிட்டார்கள்!

இவர்களைப் பார்க்க நியூயார்க் போகவேண்டும் என்பதில்லை. நியூயார்க் என்பது இவர்கள் வந்து சேருகிற இடம். புறப்படுகிற இடங்கள் வேறே. அப்படி ஒன்றுதான் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ராக்கி மலைமேல் 8,500 அடி உயரத்தில் இருக்கிற சென்ட்ரல் சிட்டி.

பெயரில்தான் ‘சிட்டி’. ஜனத்தொகை ஆயிரத்தைக்கூடத் தொடாது.

டென்வரில் கம்ப்யூட்டர் உத்தியோகம் பார்க்கும் நண்பனிடம் விஷயத்தைச் சொன்னேன்.

“சென்ட்ரல் சிட்டிக்கா? அங்கே ஜனங்க ஸ்லாட் மெஷின்ல காசு போடத்தாண்டா போவாங்க. பாட்டுக் கேக்கப் போற முத ஆள் நீதான்!”

அவன் சொன்னதிலும் தப்பில்லை. 1991 அக்டோபர் 1-ம் தேதியிலிருந்து இந்த ஊரில் சூதாட்டம் சட்டப்படி செல்லும். டென்வரிலிருந்து சுமார் 35 மைல். பழைய பாதையில் வந்தால் முதலில் பிளாக் ஹாக் என்கிற பக்கத்து ஊர் வரும். சூதாடிகள் அங்கேயே இறங்கி, அங்கேயே தோற்று, அங்கேயே திரும்பிவிடுவார்கள். வாடிக்கையாளரைப் பக்கத்துக் கடைக்காரன் வாசலிலேயே மடக்கினால் என்ன செய்வீர்கள்? சென்ட்ரல் சிட்டிக்காரர்கள் மலையை வெட்டி, பெரிய நெடுஞ்சாலையிலிருந்து நேராகத் தங்கள் ஊருக்கே வருகிற மாதிரி 8 மைல் நீளத்துக்கு ஒரு தனி ரோடு போட்டுக்கொண்டார்கள். வருஷம் 2004. பி.காம். படித்தவன் என்ற முறையில் நான் அந்த ரோட்டுக்கு ஒரு சல்யூட் வைத்தேன்.

தங்கம் போய்ப் பாட்டு வந்தது

1859-ல் ஜான் கிரிகரி என்பவர் இந்த மலைச்சரிவில் தங்கம் கண்டார். கூட்டம் பிய்த்துக்கொண்டு வந்தது. ‘உலகத்திலேயே பணக்காரச் சதுர மைல்’ என்று பெயர் வாங்கிய இடம். 1873-ல் ஜனாதிபதி கிராண்ட் வந்தபோது, அவர் நடந்து போவதற்கு ‘டெல்லர் ஹவுஸ்’ ஹோட்டல் வாசலில் வெள்ளிக் கட்டிகளைப் பாளம் பாளமாகப் பரப்பினார்களாம். “ஏன் தங்கம் போடலை?” என்று கேட்டால், “தங்கம்தான் இங்கே மலிஞ்சு கிடக்கே” என்கிறார்கள். கொழுப்பு!

அடுத்த வருஷமே பெரும் தீ விபத்து. ஊரில் பெரும்பகுதி சாம்பல். சூடுபட்டவர்கள் அதற்குப் பிறகு கல்லிலும் செங்கல்லிலும் கட்டினார்கள். 1878-ல் எழுந்ததுதான் இந்தக் கல் கட்டட ஆப்பரா ஹவுஸ். கட்டியவர்கள் பிரபுக்கள் இல்லை. இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்தும் வேல்ஸிலிருந்தும் வந்த சுரங்கத் தொழிலாளிகள். பாட்டில் பைத்தியமாக இருந்தவர்கள்.

பிறகு சுரங்கம் ஓய்ந்தது, ஊர் காலியானது, அரங்கம் தூங்கியது. சில பெண்மணிகள் முனைந்து தூசி தட்டி 1932-ல் மறுபடி திறந்தார்கள். நடுவில் யுத்தம், கொரோனா என்று சில வருஷங்கள் தவிர, கோடைதோறும் இங்கே ஆப்பரா நடக்கிறது. மொத்தம் 550 இருக்கைகள்தான்.

காலி கவுன்டர் ரகசியம்

நான் பார்த்தது ரோஸினியின் ‘தி பார்பர் ஆஃப் செவில்’. 1816-ல் ரோமில் முதலில் மேடையேறிய காமெடி. கதையில் காதலன் ஒரு பிரபு. வழக்கம்போல டெனர். ஆனால் அந்தக் காதலை முடித்து வைக்கிற மூளை, ஃபிகரோ என்கிற நாவிதனுடையது. அவன் பாரிடோன். வாத்தியார் பஸிலியோ என்று ஒரு ஆசாமி. அவர் பேஸ். ஒருத்தனைக் கவிழ்ப்பது எப்படி என்று அவர் பாட்டிலேயே பாடம் எடுக்கிறார். வதந்தியை முதலில் இளங்காற்று மாதிரி காதோடு காதாக விட வேண்டுமாம். அதுவாகவே வளர்ந்து கடைசியில் பீரங்கி மாதிரி வெடிக்குமாம். 200 வருஷத்துக்கு முந்தைய பாட்டு, ஆபீஸ் கான்டீனில் நேற்று எழுதிய மாதிரி இருக்கிறது!

இதில் கவனிக்க வேண்டிய சங்கதி, மைக் கிடையாது. கீழே பள்ளத்தில் ஒரு ஆர்க்கெஸ்ட்ராவே முழங்குகிறது. ஆனாலும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்கு அந்த அடிக்குரல் நெஞ்செலும்பில் வந்து உட்கார்ந்தது. எப்படி?

ஸ்வீடன் விஞ்ஞானி யோஹான் சுண்ட்பெர்க் 1970-களில் இதை அளந்து பார்த்திருக்கிறார். ஆர்க்கெஸ்ட்ராவின் சத்தம் 500 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில்தான் கும்பலாகக் குவிகிறது. பழகிய பாடகர் குரல்வளையைக் கீழே இறக்கி, தொண்டையை அகலப்படுத்தி, 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் தன் குரலில் ஒரு கூடுதல் பளபளப்பைச் சேர்க்கிறார். அந்த இடத்தில் வாத்தியங்களின் நெரிசல் குறைவு. ரயில்வே ஸ்டேஷனில் எல்லோரும் ஒரே க்யூவில் முண்டியடிக்கும்போது, பக்கத்தில் காலியாக இருக்கிற கவுன்டரில் போய் டிக்கெட் வாங்குகிற சாமர்த்தியம்தான் இது.

அதுவும் இந்த உயரத்தில்! கடல்மட்டத்தோடு ஒப்பிட்டால் காற்றில் பிராணவாயு கால் பங்கு குறைவு. கார் நிறுத்திய இடத்திலிருந்து அரங்கத்துக்கு ஏறி வருவதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. மேடையில் அவர்கள் ஓடுகிறார்கள், கட்டிப் புரளுகிறார்கள், உடனே பாடவும் செய்கிறார்கள். அந்த ஜிம் உடம்பு போஸ்டருக்கு மட்டும் இல்லை போலும்.

21 வருஷக் கணக்கு

இடைவேளையில் பக்கத்து ஸீட் பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். பல வருஷமாக வருகிறவராம்.

“தம்பி, டெனர் சீக்கிரம் பழுத்துடும். பேஸ் அப்படி இல்லே. முப்பது வயசு வரைக்கும் அது காய்தான். அவசரப்பட்டா அழுகிடும்” என்றார். அவர் சொன்னது ஆங்கிலத்தில். ஆனால் தமிழில் இப்படித்தான் இருக்கும்.

இதற்கு உதாரணம் இந்த மேடையிலேயே இருக்கிறது. பக்கத்து கான்ஸாஸ் மாநிலத்தில் கோல்பி என்கிற சின்ன ஊர்க்காரர் சாமுவேல் ரேமி. 1963-ல், 21 வயதில், இங்கே ‘டான் ஜியோவானி’யில் கோரஸில் நின்றார். கும்பலில் ஒருவர். பிறகு நியூயார்க் போய் ஒரு புத்தகக் கம்பெனி ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டே பாட்டுக் கற்றார். நியூயார்க் சிட்டி ஆப்பராவில் முதல் வேஷம் 1973-ல். மெட்ரோபாலிட்டன் ஆப்பரா கதவு திறந்தது 1984-ல். 63-லிருந்து 84. கழித்துப் பாருங்கள். 21 வருஷம்! அதன்பிறகு உலக மேடைகளில் சாத்தான் வேஷம் என்றால் ரேமியைக் கூப்பிடு என்றாகிவிட்டது.

இன்னொருவர் நியூஸிலாந்தின் டெடி டாஹு ரோட்ஸ். ஆறடிக்கு மேல் வளர்ந்த ஆசாமி. முழுநேரப் பாடகர் ஆவதற்கு முன் அவர் பார்த்த உத்தியோகம்... அக்கவுன்டன்ட்! நம்ம ஆள். இந்த வரியைப் படித்துவிட்டு நாளைக்கே லெட்ஜரை மூடிவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள்.

அழகு ஒரு டிக்கெட்தான்

அழகன் பாடுவது புதிய சமாசாரமும் இல்லை. 1787-ல் பிராக் நகரத்தில் மோஸார்ட்டின் ‘டான் ஜியோவானி’ முதலில் மேடையேறியபோது, அந்தக் காமுகன் வேஷம் கட்டிய லூயிஜி பாஸிக்கு வயது 21. அழகன் என்று பெயர் எடுத்தவர். இத்தாலிய பேஸ் எட்ஸியோ பின்ஸா 1949-ல், 57 வயதை நெருங்கும்போது, ‘சவுத் பஸிஃபிக்’ நாடகத்தில் காதலனாக நடித்து அமெரிக்கப் பெண்களைக் கிறங்கடித்தார்.

ஆனாலும் இன்றைக்குக் கொஞ்சம் அதிகம்தான். சட்டையைக் கழற்றச் சொல்கிற டைரக்டர், காமிரா க்ளோஸப்... தொப்பை போட்ட அருமையான குரல்காரன் வீட்டில் உட்கார வேண்டியதுதானா என்று அந்தப் பெரியவரும் வருத்தப்பட்டார். நியாயமான வருத்தம்.

இதற்குப் பதில் மாதிரி எனக்குத் தோன்றுவது டிமிட்ரி ஹ்வராஸ்டோவ்ஸ்கியின் கதை. சைபீரியாவில் கிராஸ்னயார்ஸ்க் ஊர்க்காரர். 1989-ல் கார்டிஃப் போட்டியில் ஜெயித்து உலகப் புகழ் பெற்ற பாரிடோன். சின்ன வயதிலேயே வெள்ளியாகிவிட்ட தலைமுடி. பத்திரிகைகள் அவரைச் சினிமா ஸ்டார் மாதிரி படம் போட்டன. 2015-ல் மூளையில் கட்டி என்று தெரிந்தது. 2017 ஜூன் மாதம், நிற்கவே சிரமமான நிலையில், அடிபட்ட தோளுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு, சொந்த ஊருக்கு வந்து பாடினார். அன்று அவரிடம் போஸ்டர் அழகு எதுவும் மிச்சம் இல்லை. குரல் இருந்தது. அதே வருஷம் நவம்பரில், 55 வயதில் காலமானார். ஊர் ஆப்பரா அரங்கத்துக்கு இப்போது அவர் பெயர்.

ஒரு போஸ்ட்மாஸ்டரின் சோகம்

சென்ட்ரல் சிட்டிக்கென்றே ஒரு பாரிடோன் கதாநாயகன் உண்டு. ஹோரஸ் டேபர். நிஜ மனிதர். லெட்வில் என்ற ஊரில் கடை வைத்திருந்தார். இரண்டு பேர் வெள்ளி தேடப் போகக் கடனாகச் சாமான் கொடுத்தார். பதிலுக்குக் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்கு. கிடைத்தது! கோடீஸ்வரர் ஆனார். மனைவியை விட்டுவிட்டு ‘பேபி டோ’ என்ற அழகியைக் கட்டிக்கொண்டார். 1893-ல் அமெரிக்க அரசாங்கம் வெள்ளி வாங்குகிற சட்டத்தை ரத்து செய்ய, விலை சரிந்து, ஆசாமி தரைமட்டம். கடைசியில் டென்வரில் போஸ்ட்மாஸ்டர் உத்தியோகம் பார்த்து 1899-ல் இறந்தார். இந்தக் கதையை டக்ளஸ் மூர் ஆப்பராவாக்க, 1956-ல் இதே 550 இருக்கை அரங்கத்தில் அரங்கேறியது. காதலிப்பதும் தோற்பதும் இதில் டெனர் அல்ல, பாரிடோன்தான். இளைஞனின் குரலில் அந்த வீழ்ச்சியைப் பாட முடியாது. வயது ஏறிய குரல் வேண்டும்.

இந்த அரங்கத்துக்கும் வரவு-செலவு உண்டு. 550 டிக்கெட்டை வைத்துக்கொண்டு ஆர்க்கெஸ்ட்ரா, ஸெட், சம்பளம் என்று கட்டுப்படியாகாது, நன்கொடைதான் கைகொடுக்கிறது. பாடகர்கள் சங்கத்துக்கும் நிர்வாகத்துக்கும் நீண்ட இழுபறி நடந்து, 2023-ல்தான் ஒப்பந்தம் முடிந்தது. பழுக்கிற வரைக்கும் காயைத் தாங்க ஒரு கிளை வேண்டும் இல்லையா? அந்தக் கிளை ஒடிந்தால் 21 வருஷக் கணக்கெல்லாம் எங்கே போடுவது?

போகிறவர்கள் கவனத்துக்கு

சென்ட்ரல் சிட்டி சீஸன் ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் முதல் வாரம் வரை. தண்ணீர் நிறையக் குடியுங்கள். படிகளில் வீரம் காட்டாதீர்கள். ஸ்லாட் மெஷினை ஆட்டம் முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். செயின்ட் லூயிஸில் மே-ஜூன் மாதங்கள். எல்லாமே ஆங்கிலத்தில் பாடுகிறார்கள். ஐயோவா மாநிலத்தின் இண்டியனோலாவில் ஜூன்-ஜூலை. நியூ மெக்ஸிகோவின் ஸான்டா ஃபேயில் ஜூலை-ஆகஸ்ட். பக்கச்சுவரில்லாத அரங்கம், மேடைக்குப் பின்னால் நிஜ சூரியன் அஸ்தமிக்கும். நியூயார்க் மாநிலத்தில் கிளிம்மர்கிளாஸ் என்று ஏரிக்கரை அரங்கம் ஒன்று, அதுவும் ஜூலை-ஆகஸ்ட்தான்.

என்ன நாடகம் என்று முதலில் பாருங்கள். ‘டான் ஜியோவானி’, ‘ஃபிகரோ’, ‘ஒனேகின்’, ‘ஃபால்ஸ்டாஃப்’, ‘ஃப்ளையிங் டச்மேன்’... இதில் எது இருந்தாலும் அன்றைய ராஜா அடிக்குரல்காரன்தான். நிகழ்ச்சி நிரலில் பெரிய எழுத்துப் பெயர்களை எல்லோரும் படிப்பார்கள். நீங்கள் கடைசி வரிக்குப் போங்கள். காவல்காரன், வேலைக்காரன், கோரஸ் என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். அதில் பிடித்த குரலுக்குச் சொந்தக்காரனின் பெயரை டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிப் பத்திரமாக வையுங்கள்.

இருபத்தோரு வருஷம் கழித்து எடுத்துப் பாருங்கள்!