அல்ரோனாவில் கண்ட சூரியகாந்தி

போன கோடையில் பின்வளவில் நாங்கள் நெருக்கி நட்ட சூரியகாந்திகள் ஒரு காற்றுக்கே முறிந்து விழுந்தன. சின்னவள் அழுதாள். மண் சரியில்லை என்று சொல்லிச் சமாளித்தோம்.

செப்ரெம்பரில் வேலை இல்லாத ஒரு சனிக்கிழமை, வின்னிபெக்கிலிருந்து தெற்கே அல்ரோனாவுக்குப் போனோம். அமெரிக்க எல்லைக்குக் கிட்டிய சிற்றூர். 1946இல் சூரியகாந்தி எண்ணெய் ஆலை தொடங்கிய இடம்.

ஊருக்கு வெளியே தோட்டக்கரையில் நின்ற விவசாயியிடம், தெரிந்த ஆங்கிலத்தில் எங்கள் கதையைச் சொன்னோம். அவர் விழுந்து கிடந்த தண்டொன்றைக் கத்தியால் பிளந்து காட்டினார். அடித்தண்டில் சின்னச் சின்ன அறைகள். ஒவ்வொன்றிலும் வளைந்த வெள்ளைப் புழு. தண்டுக் கூன்வண்டின் புழுக்களாம். பனிக்காலம் முழுவதும் அதற்குள்ளேயே கிடக்குமாம். ஒரு தண்டில் 25க்கு மேல் இருந்தால் காற்றுக்குத் தாங்காது. நெருக்கி நட்டால் தண்டு மெலியும். மெலிந்ததுதான் முதலில் முறியும். வரிக்கு வரி 30 அங்குலம், கன்றுக்குக் கன்று ஏறத்தாழ ஓரடி விடுகிறார். இடைவெளி விட்டாலும் புழு வரும். ஆனால் தண்டு தடித்து நிற்கும்.

ஊரில் ஐயா கயிறு பிடித்துப் புகையிலைக் கன்று நட்டது அப்போதுதான் ஞாபகம் வந்தது. கண்ணால் பார்த்து வளர்ந்ததை இங்கு வந்து மறந்துவிட்டோம்.

வீடு திரும்பியதும் சின்னவளிடம் உண்மையைச் சொன்னோம்: மண்ணில் பிழையில்லை, நட்ட எங்களில்தான் பிழை.

புதிதாக வந்திருக்கும் உறவுகளே, பனிக்கு முன் பழைய தண்டுகளைப் பிடுங்கி அகற்றுங்கள். வைகாசியில் விதைக்கும்போது அடிமட்டத்தையும் எடுத்துப் போங்கள்.