கொரியச் சோறும் அரங்கன் ரொட்டியும்

சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கி நாலு தெரு நடந்தால் "வீட்டுச் சாப்பாடு" என்று எழுதிய பலகைகள் கண்ணில் படும். காசு வாங்கிக்கொண்டு போடும் சாப்பாடு வீட்டுச் சாப்பாடு ஆகுமா என்று நண்பர்களுக்குள் நாம் கேலி பேசுவதுண்டு. அந்தக் கேள்விக்கு எனக்கு விடை கிடைத்தது திருச்சியில் அன்று. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கொரியப் பெண்மணி நடத்தும் சிறு உணவுக்கடையில்.

ஹூண்டாய் நிறுவனம் 1996-இல் தமிழகத்தில் கால் பதித்து, 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் செய்த கார்களை விற்கத் தொடங்கியது. கொரியப் பொறியாளர்கள் வந்தார்கள். அவர்களுக்குச் சோறு போடும் கடைகளும் பின்னாலேயே வந்தன. அங்கே உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கும் என் அண்ணன், சென்ற கோடை விடுமுறையில் என்னை அப்படி ஒரு கடைக்கு அழைத்துப் போனார்.

உட்கார்ந்ததும், கேட்காமலே ஏழெட்டுச் சிறு தட்டுகள் வந்து நிரம்பின. வேகவைத்துப் பிழிந்து எள்ளெண்ணெய் விட்ட கீரை, முளைப்பயறு, கத்தரிக்காய், உருளைக்கிழங்கு. இவற்றை 'பான்சான்' என்கிறார்கள். நம் இலையின் பொரியலும் கூட்டும் போலத்தான். தீர்ந்தால் மறுபடி வைப்பார்கள், அதற்குத் தனிக் காசு இல்லை. அடுத்து வந்தது 'பிபிம்பாப்'. 'பாப்' என்றால் சோறு. காய்களும் மிளகாய் விழுதும் போட்டுக் கலந்த சோறு என்று பொருளாம். கலந்து உண்பதற்கு நமக்கா சொல்லித் தர வேண்டும்! கரண்டியை மட்டும்தான் புதிதாகப் பழக வேண்டியிருந்தது.

நான் சைவச் சாப்பாட்டுக்காரன் என்று அண்ணன் முன்பே சொல்லியிருந்தார். சோற்றில் இறைச்சியும் முட்டையும் இல்லை. ஆனாலும் அந்த அம்மாள் நேரே வந்து, என் பக்கம் இருந்த கிம்ச்சித் தட்டைத் தாமே எடுத்துவிட்டார். மிளகாயும் பூண்டும் சேர்த்துப் புளிக்கவைத்த கோசு ஊறுகாய் அது. அதில் மீன் சாறு கலந்திருக்கிறது என்று சைகையால் உணர்த்தினார். யார் எதை உண்ணமாட்டார் என்று நினைவில் வைத்திருப்பது தாய்மார்கள் வேலையன்றோ!

மூலை மேசையில் நரைத்த தலையுடன் ஒரு கொரியர் தனியே உண்டுகொண்டிருந்தார். அவர் கேட்காமலே இன்னொரு கிண்ணம் சூப் அவர் முன் வந்தது. அவர் நிமிர்ந்து பார்த்த பார்வையை நான் முன்பே கண்டிருக்கிறேன். நம் ஊர் மெஸ்ஸில், அறை எடுத்துத் தங்கிப் படிக்கும் வெளியூர்த் தோழர்களின் முகத்தில் அது உண்டு. அவர்கள் நாட்டிலும் "சாப்பிட்டாயா?" என்பதே நலம் விசாரிப்பு, தந்தையைக் குழந்தைகள் அழைப்பதும் "அப்பா" என்றுதான்.

ஸ்ரீரங்கம் திரும்பியதும் பாட்டியின் விசாரணை காத்திருந்தது. "கண்ட இடத்திலே என்னத்தைடா சாப்பிட்டே?" ஆசாரத்தில் ஊறிய பாட்டிக்கு நான் என்ன சொல்ல முடியும்? அவர் நாளும் சேவிக்கும் அரங்கனையே துணைக்கு அழைத்தேன். தில்லி சுல்தானின் மகள் அரங்கன்மேல் காதல் கொண்டு இங்கு வந்ததாக ஐதீகம். கோயிலுக்குள்ளேயே துலுக்க நாச்சியாராக, ஓவிய வடிவில் அவளுக்குச் சந்நிதி இருக்கிறது. அவள் பொருட்டு அரங்கனுக்குக் காலையில் ரொட்டியும் வெண்ணெயும் அமுது செய்விக்கிறார்கள். "தூரதேசத்திலிருந்து வந்தவளுக்காகப் பெருமாளே தம் சாப்பாட்டை மாற்றிக்கொண்டாரே, பாட்டி!" என்றேன்.

பாட்டி சிரிக்கவில்லை. சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தப் பொம்மனாட்டி எல்லாருக்கும் சமைச்சுப் போடறாளே, அவளை யாராவது சாப்பிட்டியான்னு கேக்கறாளா?" என்றார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. ஊரை விட்டு வந்தவருக்கு அவர் ஊர்ச் சுவையைக் கொடுப்பதும், வேற்று ஊரார் வந்தால் அவர் வழக்கத்தை மதிப்பதும்தான் வீட்டுச் சாப்பாடு என்று நினைத்திருந்தேன். சமைப்பவரின் பசியை நினைப்பதும் அதில் சேர்த்தி என்பதைப் பாட்டி ஒரே கேள்வியில் சொல்லிவிட்டார். நண்பர்களே, நம் மெஸ் அம்மாக்களிடம் நாம் சாம்பார் கேட்கிறோம், ரசம் கேட்கிறோம். இதையும் ஒரு நாள் கேட்டுப் பார்ப்போமே.