வாப்பா சொல்லாத பெயர்

போன வருடம் எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஓர் அட்டவணை ஒட்டியிருந்தது. 'வாப்பாவின் 30 நாட்கள்' என்று தலைப்பு. உயர்தரத்தில் உயிரியல் படிக்கிற பிள்ளை என்ற பெருமையோடு, நிறப் பேனைகளால் நான்தான் எழுதினேன்.

வாப்பாவுக்கு அப்போது 49 வயது. 92 கிலோ. புடவைக் கடையின் காசு மேசையில் காலை முதல் இரவு வரை இருப்பவர். பிரஷருக்கும் சீனி வருத்தத்துக்கும் குளிசை எடுக்கிறார். நிறையைக் குறைக்காவிட்டால் இதயத்துக்குக் கூடாது என்று கிளினிக்கில் சொல்லி அனுப்பினார்கள். எங்கள் பெத்தாப்பா 54 வயதில், ஜும்ஆவுக்கு வெளிக்கிடும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கதிரையில் இருந்தவர், பிறகு எழும்பவில்லை. இன்னும் ஐந்து வருடம்தான் என்று நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். அதை யாரிடமும் சொல்லவில்லை. என் அவசரம் அங்கிருந்துதான் வந்தது.

போனில் பார்த்த முறை அது. சோறு இல்லை, இடியப்பம் இல்லை. காலையில் தேசிக்காய்த் தண்ணீர், பகல் வெள்ளரிக்காய், இரவில் ஒரு முட்டை. வாப்பா மறுக்கவில்லை. "மகள் படிச்ச புள்ள, சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றார். முதல் கிழமையில் 4 கிலோ குறைந்தது. வீடே சந்தோஷப்பட்டது, உம்மாவைத் தவிர. "நான் சமைக்கிறது நஞ்சாப் போச்சா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டா.

குறைந்தது கொழுப்பல்ல, பெரும்பாலும் தண்ணீர் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. சாப்பாடு நின்றால் உடல் முதலில் சேமித்து வைத்த கிளைக்கோஜனை எடுக்கும். ஒரு கிராம் கிளைக்கோஜனோடு ஏறக்குறைய 3 கிராம் நீரும் வெளியேறும். பாடப் புத்தகத்தில் கிளைக்கோஜனைக் கோடிட்டுப் படித்தவள்தான் நான்.

ஒன்பதாம் நாள் கடையில் வாப்பாவுக்கு வேர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது, பேச்சுக் குழறியது. எல்லாரும் மாரடைப்பு என்றுதான் நினைத்தார்களாம். கடையில் வேலை செய்யும் வயதான நானா ஒருவருக்கும் சீனி வருத்தம். அவர்தான் அடையாளம் கண்டு, வாப்பாவுக்கு நினைவு இருக்கும்போதே சீனித் தண்ணீரைக் கரைத்துக் குடிக்கக் கொடுத்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் சோதித்தபோதும் சீனி 58 தான் இருந்தது. குளிசை தன் பாட்டில் சீனியை இறக்க, வயிற்றில் ஒன்றும் இல்லை.

"குளிசையும் எடுத்துக்கொண்டு சோத்தையும் விடச் சொன்னது யார்?" டொக்டர் கோபமாகக் கேட்டார்.

நான் கட்டிலுக்குப் பின்னால் நின்றேன். வாப்பா என் பக்கம் திரும்பவேயில்லை. "நானாத்தான் டொக்டர்" என்றார்.

நான் வெளியே போய் அழுதேன். திரும்பி வந்து, நான்தான் என்று சொன்னேன். டொக்டர் ஏசுவார் என்று நினைத்தேன். அவர் கதிரையை இழுத்துப் போட்டார். "இந்த நிறை ஒரு கிழமையில ஏறினதா? இறங்கிறது மட்டும் ஏன் ஒரு கிழமையில?" மாதத்துக்கு இரண்டு கிலோ குறைந்தாலே போதும் என்றார். உடல் நிறையில் நூற்றுக்கு 5 முதல் 10 வரை குறைந்தாலே பிரஷர், சீனி, இரத்தக் கொழுப்பு எல்லாம் இறங்கத் தொடங்குமாம். பட்டினி கிடந்தால் தசையும் சேர்ந்து கரையும். சாப்பாட்டை மாற்றுமுன் குளிசை தந்தவர்களிடம் கேட்க வேண்டும், குளிசையை நாமாக நிறுத்தக் கூடாது. நடக்கும்போது நெஞ்சு இறுகினால் உடனே நின்று ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். இவற்றை இரண்டு முறை சொன்னார்.

அன்றிரவே அட்டவணையைக் கிழித்தேன். இந்த முறை உம்மாவிடம் கேட்டுத்தான் தொடங்கினோம். சோறு பாதிக் கோப்பையாகக் குறைந்தது. அந்த இடத்தில் கீரையும் மரக்கறியும் மீனும் வந்தன. கருவாடும் ஊறுகாயும் உப்புக்காகத் தள்ளிப் போயின. உண்மையில் பெரிய எதிரி பிளேன்டீ. கடையில் நாளுக்கு ஆறு, ஒவ்வொன்றிலும் மூன்று கரண்டி. ஒரு தேக்கரண்டி 4 கிராம் என்றால் 72 கிராம் சீனி! சோற்றை மட்டும் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தோமே. கரண்டியை ஒவ்வொன்றாகக் குறைக்க இரண்டு மாதம் பிடித்தது. கலியாண வீட்டுச் சஹனில் மட்டும் வாப்பாவை இன்னும் வெல்ல முடியவில்லை.

சுபஹுத் தொழுதுவிட்டுக் கல்முனைக் கடற்கரையில் இருவரும் நடப்போம். முதலில் பத்து நிமிடம், பிறகு முப்பது. தோணிகள் கரையேறும் நேரம். வாப்பா மீன் விலை கேட்டு நின்றுவிடுவார், நான் இழுத்துக்கொண்டு வருவேன். நோன்புக்கு ஒரு மாதம் முன்பே கிளினிக்கில் கேட்டு, குளிசையின் நேரத்தையும் அளவையும் அவர்களைக் கொண்டே மாற்றிக்கொண்டோம்.

எட்டு மாதத்தில் 85 கிலோ. பிரஷர்க் குளிசையில் ஒன்றை டொக்டரே குறைத்தார். பெல்டில் புதிய துளை போட வாப்பா ஆணியும் சுத்தியலும் தேடினார்.

இடுப்பை அளக்கக் கடை டேப்பைக் கொண்டு வந்திருந்தேன். எங்கள் தெற்காசிய ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80, அதற்கு மேல் போனால் இதயத்துக்கும் சீனிக்கும் ஆபத்து என்று வாசித்துக் காட்டினேன். வாப்பாவுக்கு 99, முன்பு 107. குசினி வாசலில் நின்று கேட்ட உம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தா.

"என்னையும் அளங்க மகள்."

94. இத்தனை மாதமும் ஒருவரும் உம்மாவை அளந்து பார்க்கவில்லை. மறுநாள் கடற்கரைக்குக் கூப்பிட்டேன். "ஊர் பாக்கும்" என்றா. இப்போது அஸருக்குப் பிறகு எங்கள் மொட்டை மாடியில், உடுப்புக் கொடிகளுக்கு நடுவே, நானும் உம்மாவும் சுற்றிச் சுற்றி நடக்கிறோம். கீழே வாப்பா சீனியில்லாத பிளேன்டீ ஊற்றி வைத்துக்கொண்டு எங்களைக் கூப்பிடுகிறார்.