தூளுக்கு முன்னால் தும்புத்தடி

பதுளையிலிருந்து இறங்கி வரும் நெடுஞ்சாலை, மட்டக்களப்பு–திருகோணமலை வீதியில் வந்து முடியும் சந்தி செங்கலடி. கிழக்கே புன்னைக்குடா, சவுக்கடி, களுவன்கேணி என்று கடற்கரை. தெற்கே மட்டக்களப்பு வாவியின் வடக்குத் தலைப்பு. மேற்கே வயலும் குளங்களும். நடுவில் கிடக்கும் மணல் நிலத்தில் தண்ணீருக்காக ஆழத் தோண்ட வேண்டியதில்லை. மாரி உறைத்துப் பெய்தால் கிணற்றுக் கட்டில் குனிந்தே வாளியால் அள்ளலாம். கச்சான் காற்று அடிக்கும் கோடையில் அதே தண்ணீர் சில வளையம் கீழே போய்விடும். வளவுக்கு வளவு கிணறு இருப்பதால், கிணறு இறைப்பவர்களுக்கு இங்கே வேலையும் இருக்கிறது. பாசி பிடித்த கிணற்றைத் துப்புரவாக்கி, குளோரின் போட்டுக் கையளிப்பது அவர்களின் தொழில். அந்த வேலையைக் கிட்ட நின்று பார்த்த பிறகு எனக்கு ஒன்று உறுதியாகத் தோன்றுகிறது: கிணற்றைச் சுத்தமாக்கும் புகழ் முழுவதும் வெள்ளைத் தூளுக்குப் போகிறது, வேலையில் பெரும்பங்கைச் செய்வதோ தும்புத்தடி. இது வெறும் மரியாதைப் பிரச்சினை அல்ல. வரிசையைத் தலைகீழாக்கினால் தூளும் வேலை செய்யாது.

கிணற்றுச் சுவரைக் கவனித்தால் இது விளங்கும். மேல் வளையங்களில் காய்ந்து வெடித்த பாசி, சுரண்டினால் செதிலாக உதிரும். அதற்குக் கீழே, மாரிக்கும் கோடைக்கும் இடையில் தண்ணீர் ஏறி இறங்கும் பகுதியில், விரல் வைத்தால் வழுக்கும் பச்சை. வெயில் எட்டாத அடி வளையங்களில் பச்சை இல்லை. செம்மண் குழம்பு பூசியதுபோல் ஒரு மெழுக்கு. இதையும் பாசி என்றுதான் சொல்கிறோம், ஆனால் அது பெரும்பாலும் இரும்பை உண்டு வாழும் பக்ரீரியாக்களின் படிவு. இறைப்பவர் இந்த மூன்றையும் ஒரே மாதிரித் தேய்ப்பதில்லை. காய்ந்ததைக் கரண்டியால் சுரண்டுகிறார், வழுக்கலைத் தும்புத்தடியாலும் தேங்காய் மட்டையாலும் உரசுகிறார், கொங்கிறீற் வளையங்கள் பொருந்தும் இடுக்குகளைக் கம்பித் தூரிகையால் கிண்டுகிறார். இடுக்கில் மிஞ்சியதுதான் முதலில் திரும்ப முளைக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். அடியில் கிடக்கும் இலை, மண்டி, வாளியறுந்த கயிறு, எப்போதோ விழுந்த செருப்பு எல்லாம் மேலே வந்த பிறகுதான் தூள் டின்னின் மூடி திறக்கப்படுகிறது.

ஏன் இந்த வரிசை? குளோரின் ஆளைப் பார்த்துத் தாக்காது. வாந்திபேதிக் கிருமியையும் அழுகிய மாவிலையையும் அது ஒரே கண்ணால்தான் பார்க்கும். பாசி, மண்டி, கரைந்த இரும்பு, மலசலகூடக் குழியிலிருந்து கசிந்த அமோனியா, இவையெல்லாம் தம் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சுவதுதான் கிருமிக்கு. நீரின் இந்தப் பசியை அளக்கப் பிரித்தானிய இராணுவ மருத்துவர் ஹொரக்ஸ் வகுத்த எளிய சோதனை ஒன்று உண்டு. முதல் உலகப் போர்க் காலத்தில் படைமுகாம்களில் பரவி, இன்றும் தெற்காசியாவின் பொதுச் சுகாதாரப் பாடநூல்களில் இருக்கிறது. ஆறு வெள்ளைக் கோப்பைகளில் அதே தண்ணீரை ஊற்றி, ஒன்றைவிட ஒன்றில் கூடுதலாகக் குளோரின் கரைசலைத் துளித்து, அரை மணி நேரம் கழித்து மாப்பொருள் கலந்த அயடைட்டுக் கரைசலை விட்டால், குளோரின் மிஞ்சிய கோப்பை நீலமாகும். மூன்றாம் கோப்பையில் முதல் நீலம் தெரிந்தால் 455 லீற்றருக்கு 6 கிராம் தூள் வேண்டும் என்று கணக்கு. தேய்த்து இறைத்த கிணற்றில் நீலம் முன் கோப்பைகளிலேயே வந்துவிடும். பாசிக் கிணற்றில் ஆறும் வெளுத்தே இருக்கக்கூடும். தும்புத்தடியின் வேலையை எண்ணில் காட்டச் சொன்னால் நான் இந்தக் கோப்பைகளைத்தான் காட்டுவேன்.

பாசிக்குடா விடுதிகளின் நீச்சல் தடாகங்களில் பாசியைக் குளோரினால்தானே கொல்கிறார்கள் என்று கேட்கலாம். உண்மைதான். வழக்கமாக லீற்றருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் வைத்திருக்கும் இடத்தில், பச்சை பிடித்தால் பத்துக்கும் மேலே ஏற்றிக் கொல்வார்கள். ஆனால் அங்கேயும் சுவரை உரசுவது முந்தி நடக்கும். செத்த பாசி சாம்பல் நிறமாகி மிதந்ததும் மணல் வடிகட்டி இரவு பகலாக ஓடி அதை வெளியேற்றும். தடாகம் மூடிய தொட்டி. அதே தண்ணீர் சுற்றிச் சுற்றி வடிகட்டிக்குள் போகிறது. கிணற்றில் வடிகட்டி கிடையாது. கொன்ற பாசி அடியில் படிந்து, அழுகி, அடுத்த முறை போடும் குளோரினைத் தின்னும்; அடுத்த பாசிக்கு எருவும் ஆகும். இன்னொன்று: தடாகக்காரர்கள் சேர்க்கும் செப்புக் கலந்த பாசிக்கொல்லியும், வெயிலில் குளோரின் சிதையாமல் காக்கும் மருந்தும் குடிக்கிற கிணற்றுக்குள் போகக் கூடாதவை. விடுதியில் வேலை செய்து பழகியவர் ஊர்க் கிணற்றுக்குத் தடாக வில்லையைக் கொண்டுவந்தால், நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுவது நல்லது.

தேய்க்க ஆள் தேடுவதைவிடத் தூளைக் கூட்டிப் போட்டால் என்ன என்பது இங்கே அதிகம் கேட்கும் வாதம். கணக்கு அதற்கு இடம்தருகிறதா பார்ப்போம். 5 அடிக் குறுக்களவும் 6 அடித் தண்ணீரும் உள்ள கிணற்றில் ஏறத்தாழ 3,300 லீற்றர் இருக்கும். லீற்றருக்கு 50 மில்லிகிராம் குளோரின் வேண்டுமென்றால், மூன்றிலொரு பங்கு குளோரின் உள்ள நல்ல ரி.சி.எல். என்ற வெளிற்றும் தூளில் அரைக் கிலோ. ஆனால் வாய் திறந்த பையில், ஈரக் காற்றில் கிடந்த தூளின் வலு பாதிக்கும் கீழே போயிருக்கும். அப்போது ஒரு கிலோவுக்கு மேல். தூளின் மிச்சத்தில் பெரும்பகுதி சுண்ணாம்பு. அதனால்தான் அனுபவப்பட்டவர் தூளை நேரே கொட்டுவதில்லை. வாளித் தண்ணீரில் குழப்பி, கால் மணி நேரம் ஆறவிட்டு, அடியில் சுண்ணாம்பு படிந்ததும் மேல் தெளிவை மட்டும் சுவரோரமாகச் சுற்றி ஊற்றுகிறார். அதையும் பொழுது சாயும் வேளையில். வெயிலில் குளோரின் சில மணி நேரத்தில் போய்விடும். மேலும் மேலும் தூள் கொட்டினால் கிடைப்பது சுண்ணாம்புத் தண்ணீரும், இரும்பு இருக்கும் கிணற்றில் தேநீர் நிறமும்தான். மூக்கைத் துளைக்கும் மணம் வந்தால் மருந்து பிடித்துவிட்டது என்று நம்புவோரும் உண்டு. அந்த நெடி பெரும்பாலும் குளோரின் அமோனியாவோடு சேர்ந்து பிறந்த வேறு சரக்கு. அழுக்கு இன்னும் மிஞ்சியிருப்பதற்கு அடையாளம்.

அப்படியானால் அடியோடு வற்ற இறைத்துவிட்டால் போகிறது என்ற வாதம் என் பக்கத்து ஆட்களிடமிருந்தே வருவது. இதை நான் ஏற்கவில்லை. கடலும் வாவியும் அருகிருக்கும் மணலில் நல்ல தண்ணீர் உவர்நீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. நல்ல தண்ணீர் மட்டத்தில் ஒரு அடி குறைந்தால், கீழே உவர் எல்லை நாற்பது அடி வரை உயர இடமுண்டு என்பது நிலத்தடி நீரியலின் பழைய விதி. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு இந்தக் கரையோரத்தின் கிணறுகளைப் பலரும் பல தடவை இறைத்தார்கள். சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனம் மட்டக்களப்பு, அம்பாறைக் கரைகளில் கிணறுகளைத் தொடர்ந்து அளந்து பார்த்தபோது, திரும்பத் திரும்ப இறைத்ததால் உப்பு குறைந்ததாகத் தெரியவில்லை. மாரி மழைதான் கழுவியது. அளவுக்கு மிஞ்சிய இறைப்பு உவரை மேலே இழுக்கும் ஆபத்தும் இருந்தது. ஊற்று வரும் கதியைப் பார்த்து, மண்டியை எடுக்கும் அளவுக்கு மட்டும் இறைத்து நிறுத்துவதே கைத்திறன். வளையத்துக்கு வெளியே மணல் சரிந்து கிணறு சாயும் ஆபத்தும் வற்ற இறைப்பதில் இருக்கிறது.

மிக வலுவான ஆட்சேபம் வெள்ளத்திலிருந்து வருகிறது. 2011 ஜனவரியிலும் 2014 டிசம்பரிலும் 2024 நவம்பரிலும் போல ஊரே தண்ணீரில் நிற்கும்போது, ஒவ்வொரு கிணற்றுக்கும் ஆள் இறக்கித் தேய்க்க முடியுமா? சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை தூளைத்தானே கொடுக்க முடியும்? கொடுக்கட்டும். ஆனால் அந்த நாட்களில் நிலம் முழுக்க ஊறியிருப்பதால், கிணற்றுக்குள் போடும் குளோரின் ஊற்றோடு கரைந்து போய்விடும். மேற்கு ஆபிரிக்காவின் கினி-பிசாவில் கிணறுகளுக்குக் குளோரின் இட்டுப் பார்த்து 1998இல் வெளியான ஆய்வு, அதன் பாதுகாப்பு ஏறத்தாழ ஒரு நாளைத் தாண்டி நிற்கவில்லை என்றுதான் கண்டது. வெள்ள நாட்களில் மருந்து சேர வேண்டிய இடம் குடிக்கிற குடம். அங்கே அளவும் தெரியும், அது கரைந்தோடவும் வழியில்லை. கொதிக்க வைக்க விறகு காய்ந்திருந்தால் அதுவும் சரி.

நுளம்புக் குடம்பியைத் தின்ன மீன் விட்டிருக்கும் கிணறுகளை இறைப்பவர்கள் தனியாக விசாரிக்கிறார்கள், ஏனென்றால் குளோரின் மீனைத்தான் முதலில் கொல்லும். மீனுக்குக் காரணமும் உண்டு: 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடென்று சான்றிதழ் பெற்ற அதே ஆண்டின் முடிவில், கிணற்றிலும் முட்டையிடும், நாட்டுக்குப் புதிய அனோபிலிஸ் நுளம்பு இனமொன்று மன்னாரில் கண்டுபிடிக்கப்பட்டது. மீனை வாளியில் எடுத்து வைத்து, குளோரின் நீங்கிய பிறகு திரும்ப விடுவது சின்ன வேலை. மறந்தால் பாசிக்குப் பதில் நுளம்பு.

உன்னிச்சைக் குளத்து நீரைச் சுத்திகரித்துத் தரும் குழாய்த் திட்டம் வந்த பிறகு கிணறு எதற்கு என்ற கேள்விக்கு, குழாய் நிற்கும் நாளில் எல்லோரும் எங்கே போகிறார்கள் என்பதே பதில். குளிக்க, கழுவ, தோட்டத்துக்கு இறைக்க அப்போதும் இப்போதும் கிணறுதான். அதில் இறங்குபவருக்கோ காப்பு எதுவும் இல்லை. பெற்றோல் பம்பைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டி, புகையில் மயங்கி ஆள் இறந்த செய்திகள் இலங்கையில் புதிதல்ல. குளோரின் வாயுவும் காற்றைவிடக் கனமானது, கிணற்றுக்குள்ளேயே தங்கும். கூலி கிணற்றுக்கு இவ்வளவு என்று பேசப்படுவதால், விரைந்து முடிப்பவருக்கே லாபம்; இடுக்கைக் கிண்டுபவருக்கு நட்டம்.

பிரதேச சபை செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. தூள் மார்கழியில் வருகிறது, அப்போது எந்தக் கிணற்றையும் இறைக்க முடியாது. தண்ணீர் கீழே போயிருக்கும் ஆவணி, புரட்டாசியில் தேய்ப்புக்குக் கூலி கொடுத்தால், அதே பணத்தில் கிணற்றுக் கட்டைக் கடைசி வெள்ளத்தின் அடையாளத்துக்கு மேலே உயர்த்தவும், வெயிலும் இலையும் விழாதபடி மூடி போடவும் தொடங்கலாம். கூலி பேசும்போது மேலே கயிற்றோடு நிற்கும் இரண்டாவது ஆளுக்கும், பம்பை மேலே வைத்து இறைக்கப் போதிய நீளக் குழாய்க்கும் சேர்த்துப் பேச வேண்டும்.